ஒரே ஊர், பல கணுக்கள்

அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டம் நகரம் இந்திய இருப்புப்பாதை வரைபடத்தில் இல்லை. அங்கே ரயில் நிலையம் இல்லாததால், பயணச்சீட்டு வழங்கும் கணினிக்கு அந்த ஊரைத் தெரியாது. தபால் துறையின் கணக்கிலோ அது 621802 என்னும் எண். தொலைபேசிக் கணக்கில் 04331 என்னும் தனிக் குறியீட்டுடன் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் தலைமை தாங்குகிறது. தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் 150ஆம் எண் சட்டமன்றத் தொகுதியாக நின்று, கடலூர் மாவட்டத்து ஊரான சிதம்பரத்தின் பெயர் தாங்கிய மக்களவைத் தொகுதிக்குள் அடங்குகிறது. வருவாய்த் துறையில் நிலைமை இன்னும் நுட்பமானது: வட்டாட்சியர் அலுவலகம் இருப்பது ஜெயங்கொண்டத்தில், வட்டத்தின் பெயரோ உடையார்பாளையம். சாலை வரைபடத்தை விரித்தால், திருச்சி, சிதம்பரம், விருத்தாசலம், கும்பகோணம் என்று பல திசைச் சாலைகள் கூடிப் பிரியும் சந்திப்பாக அதே ஊர் தென்படுகிறது.

மண் ஒன்று, மக்கள் ஒன்று, கடைத்தெரு ஒன்று. ஆனால் ஒரு வரைபடத்தில் அந்த ஊர் நடுநாயகம், இன்னொன்றில் ஓரத்து இலை, வேறொன்றில் அடையாளமே இல்லை. கணினி அமைப்புகளையும் மென்பொருளையும் வடிவமைப்போர் நாள்தோறும் உச்சரிக்கும் ‘கணு’ என்னும் சொல்லின் முழுப் பொருளும் இந்த வேறுபாட்டுக்குள் அடங்கியிருக்கிறது. எந்தப் பொருளும் தன்னளவில் கணுவாக இருப்பதில்லை. எதை எதோடு இணைத்துப் பார்க்க வேண்டும் என்று வரைபடம் வரைபவர் முடிவு செய்த பிறகே அது கணுவாகிறது. இந்த எளிய உண்மையை மறந்த அமைப்புகள் எங்கெங்கே தடுக்கி விழுகின்றன என்பதையும், நினைவில் வைத்த அமைப்புகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதையும் இந்த அத்தியாயம் பெரும்பாலும் ஜெயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள நிலத்தை வைத்தே விளக்குகிறது.

ஆங்கிலத்தில் ‘நோட்’ எனப்படும் சொல் முடிச்சைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘நோடுஸ்’ என்பதிலிருந்து வந்தது. தமிழ்க் கணிநூல்களில் முனை, முனையம், முடிச்சு, கணு என்று நான்கு சொற்களும் இதற்குப் புழங்குகின்றன. முனை என்றால் ஓர் ஓரம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இங்கே பேசப்படுவதோ நடுவிலும் இருக்கக்கூடியது. முடிச்சு என்பது அவிழ்க்க வேண்டிய சிக்கலை நினைவூட்டுகிறது. கணு என்ற சொல்லே மிகப் பொருத்தமானது என்பதை ஒரு துண்டுக் கரும்பைக் கையில் எடுத்துப் பார்த்தாலே உணரலாம். வளையமாகச் சற்றே தடித்திருக்கும் அந்த இடத்தில், சோகை உதிர்ந்த தழும்பு ஒன்று சுற்றி ஓடுகிறது. அதற்குச் சற்று மேலே, வேர்விடக் காத்திருக்கும் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு பக்கத்தில் ஒரேயொரு பரு ஒட்டியிருக்கிறது. அடுத்த கணுவில் அந்தப் பரு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. கடித்துச் சுவைக்கும் சாறு நிரம்பியிருப்பது இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில். ஆனால் நடவுக்காகக் கரணை வெட்டுபவர் எண்ணிப் பார்ப்பது பருக்களைத்தான், ஏனென்றால் வேரும் முளையும் புறப்படும் இடம் கணுவே. கரும்பு ஆலைக்குப் போகும்போது கணு ஒரு பொருட்டே இல்லை, வயலுக்குப் போகும்போது கணுதான் கரும்பு. நோக்கம் மாறினால் எது கணக்கில் வரும் என்பதும் மாறுகிறது.

கணுக்களையும் அவற்றைச் சேர்க்கும் இணைப்புகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் உதறிவிடும் கணிதப் படத்துக்குக் கோட்டுரு என்று பெயர். இதன் தொடக்கம் பிரஷ்ய நகரமான கோனிக்ஸ்பெர்க்கில். ஆற்றால் நான்கு நிலப்பகுதிகளாகப் பிரிந்து, ஏழு பாலங்களால் இணைக்கப்பட்ட அந்நகரில், ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒருமுறை கடந்து உலா வர முடியுமா என்ற கேள்விக்கு லியோன்ஹார்ட் ஆய்லர் 1736இல் முடியாது என்று நிறுவினார். தெருக்களின் நீளமும் வீடுகளின் அழகும் தேவையற்றவை என்று கண்டு, நிலப்பகுதி ஒவ்வொன்றையும் புள்ளியாகவும் பாலம் ஒவ்வொன்றையும் கோடாகவும் எண்ணிப் பார்த்ததே அவருடைய சாதனை. ஒரு கணுவில் வந்து சேரும் இணைப்புகளின் எண்ணிக்கையை அதன் படி என்பர். நான்கு நிலப்பகுதிகளின் படியும் ஒற்றை எண்ணாக அமைந்ததால்தான் அந்த உலா இயலாமற்போனது. 1845இல் கிர்காஃப் மின்சுற்றுகளுக்கு இதே பார்வையைக் கொண்டுவந்து, கம்பிகள் கூடும் கணு ஒவ்வொன்றிலும் உள்ளே வரும் மின்னோட்டமும் வெளியே போகும் மின்னோட்டமும் சமம் என்ற விதியை வகுத்தார்.

மென்பொருளில் மிகுதியாகப் பயன்படும் கோட்டுரு, மரம் எனப்படுவது. அதில் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரே ஒரு தாய்க்கணு உண்டு. தாய் இல்லாத ஒரே கணு வேர். சேய் இல்லாத கணுக்கள் இலைகள். நாடு, மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம் என்று இறங்கும் நிர்வாக அடுக்கு அப்படிப்பட்ட மரம்தான். 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான தபால் குறியீட்டெண்ணும் ஆறு இலக்கத்துக்குள் மடிக்கப்பட்ட ஒரு மரமே: 621802இல் முதல் இலக்கமாகிய 6 தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த மண்டலத்தைக் குறிக்க, 62 துணை மண்டலத்துக்கும் 621 கடிதங்களைப் பிரிக்கும் வட்டாரத்துக்கும் இறங்கி, கடைசி மூன்று இலக்கங்கள் தபால் நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. டெல்லியில் கடிதத்தைப் பிரிப்பவருக்கு ஜெயங்கொண்டம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. முதல் இலக்கத்தைப் பார்த்துத் தெற்கே அனுப்பினால் போதும், மிச்சத்தை அடுத்தடுத்த கணுக்கள் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு கணுவும் தனக்கு அடுத்ததை மட்டும் அறிந்திருந்தால் முழு அமைப்பும் இயங்கும் என்பது இதன் வலிமை.

மரம் அசையாமல் நின்றால் எல்லாம் எளிது. அரியலூர்ப் பகுதியின் நிர்வாக மரமோ பன்னிரண்டே ஆண்டுகளில் நான்குமுறை மாறியது. 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஜெயங்கொண்டம் பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போனது. 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச் 31 அன்று மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. அதன் தாய்க்கணு மட்டும் திருச்சி, பெரம்பலூர், அரியலூர், பெரம்பலூர், அரியலூர் என்று மாறிக்கொண்டே இருந்தது.

இந்த ஊரின் நில ஆவணங்களையோ குடும்ப அட்டைகளையோ கணினியில் வைத்திருக்கும் மென்பொருள் ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். முதல்வகை வடிவமைப்பாளர், ஒவ்வொரு பதிவிலும் ‘ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் வட்டம், பெரம்பலூர் மாவட்டம்’ என்று முழு முகவரியையும் எழுதி வைக்கிறார். படிப்பதற்கு இது வேகமானது, ஏனென்றால் பதிவைத் திறந்த உடனே எல்லாம் கண்முன் நிற்கிறது. மாவட்டம் மாறும் நாளிலோ, அந்த வட்டத்திலுள்ள ஒவ்வொரு பதிவையும் தேடித் திருத்த வேண்டும். எழுத்துப்பிழையோடு பதிவானவை தேடலில் அகப்படாமல் பழைய மாவட்டத்திலேயே தங்கிவிடும். இரண்டாம்வகை வடிவமைப்பாளர், பதிவில் ஊரின் எண்ணை மட்டும் குறிக்கிறார். ஊர்க்கணு தன் வட்டத்தைச் சுட்டுகிறது, வட்டக்கணு தன் மாவட்டத்தைச் சுட்டுகிறது. ஒரு கணு இன்னொன்றின் இருப்பிடத்தைக் குறித்து வைத்திருக்கும் இந்தக் குறிப்புக்குச் சுட்டி என்று பெயர். மாவட்டம் பிரியும்போது வட்டக்கணுவின் ஒரே ஒரு சுட்டியை மாற்றினால் போதும், அதன் கீழுள்ள ஆயிரக்கணக்கான பதிவுகள் தாமாகவே புதிய மாவட்டத்துக்குப் போய்ச் சேரும்.

இதோடு சிக்கல் தீர்ந்துவிட்டதாகத் தோன்றலாம், ஆனால் தீரவில்லை. 1998இல் பதிவான ஒரு கிரயப் பத்திரம் பெரம்பலூர் மாவட்டம் என்று சொல்கிறது. அது அன்றைக்கு உண்மை. இன்றைய சுட்டியைப் பின்தொடரும் கணினி அதே பத்திரத்தை அரியலூர் மாவட்டத்தில் பதிவானதாகக் காட்டினால், ஒரு பிழையைத் திருத்தும் பெயரால் வரலாற்றையே திருத்திவிடுகிறது. ஆகவே தேர்ந்த வடிவமைப்பாளர் கணுவுக்கு மட்டுமின்றி இணைப்புக்கும் வயது கொடுக்கிறார்: இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இந்த வட்டத்தின் தாய் இந்த மாவட்டம் என்று சுட்டியோடு காலத்தையும் சேர்த்து எழுதுகிறார். 2001 ஜூலையில் இந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று கேட்டாலும், 2005 ஜூலையில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று கேட்டாலும் அந்த அமைப்பு சரியான விடையைச் சொல்லும். இந்த நுட்பத்தை மக்கள் கண்ணால் காணும் இடம் வாகனப் பதிவெண். பெரம்பலூரின் குறியீடு டி.என். 46, அரியலூரின் குறியீடு டி.என். 61. பெரம்பலூரில் பதிவான வண்டி, மாவட்டம் பிரிந்த பிறகும் 46 என்ற எண்ணோடுதான் ஜெயங்கொண்டத்துக் கடைத்தெருவில் ஓடுகிறது, ஏனென்றால் அந்த எண் வண்டியின் அடையாளமே தவிர அது நிற்கும் இடத்தின் பெயர் அன்று.

அடையாளமும் இருப்பிடமும் வேறுவேறு என்ற இந்தப் பிரிப்பே கணு பற்றிய பொறியியல் அறிவில் முதன்மையானது என்று சொல்லலாம். மத்திய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சிக் கோவை, நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வட்டத்துக்கும் கிராமத்துக்கும் தனித்த எண் கொடுத்துப் பராமரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஒரே ஊரின் பெயரை ஒரு துறை ‘ஜெயங்கொண்டம்’ என்றும் இன்னொரு துறை ‘ஜயங்கொண்டம்’ என்றும் பழைய ஆவணம் ‘ஜெயங்கொண்ட சோழபுரம்’ என்றும் எழுதும். எண் ஒன்றாக இருந்தால் மூன்றும் ஒரே கணு என்பதைக் கணினி தயங்காமல் அறிந்துகொள்ளும்.

இதுவரை பேசப்பட்ட கணுக்கள் தகவலுக்குள் வாழ்பவை. அமைப்புப் பொறியியலில் இதே சொல் உலோகமும் மின்சாரமும் கொண்ட இயந்திரங்களைக் குறிக்கவும் பயன்படுகிறது. 1969இன் இறுதியில் அர்ப்பாநெட் வலைப்பின்னலில் இருந்த கணுக்கள் நான்கே: லாஸ் ஏஞ்சலிஸ், சாண்டா பார்பரா வளாகங்களும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகமும் யூட்டா பல்கலைக்கழகமும். இந்தியாவில் கல்வி, ஆய்வு நிறுவனங்களைக் கணினிவழி இணைக்க 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தின் எட்டு நிறுவனங்களுள் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஒன்று. தமிழ்நாடு கணினி வலைப்பின்னலில் கணுவாக இடம்பெற்றது ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். இயந்திரம் ஒன்று, கணு ஒன்று என்ற அந்நாளைய கணக்கு இன்று செல்லாது. ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் இயந்திரங்கள் இயங்குகின்றன, அவை ஒவ்வொன்றுக்குள்ளும் பல நிரல்கள் இயங்குகின்றன. 1997இல் வெளியான யூ.எம்.எல். என்னும் வரைமொழி, மென்பொருள் எங்கே குடியேறுகிறதோ அந்த இடத்தைக் கணு என்று வரையறுத்து, அதை முப்பரிமாணப் பெட்டியாக வரையச் சொல்கிறது; பெட்டிக்குள் பெட்டி வரையவும் அனுமதிக்கிறது. பல இயந்திரங்களில் நிரல்களைப் பகிர்ந்து இயக்குவதற்காகக் கூகுள் 2014இல் வெளியிட்ட குபெர்நெட்டீஸ் அமைப்பில், நிரல்கள் ஓடுவதற்கு இடங்கொடுக்கும் இயந்திரமே கணு. அது கண்ணால் காணக்கூடிய இயந்திரமா மெய்நிகர் இயந்திரமா என்பது பொருட்டில்லை. இணையப் பக்கத்தின் உள்ளமைப்பிலோ, ஒரு பத்தியும் கணு, அதற்குள் இருக்கும் எழுத்துகளும் தனிக்கணு, பக்கத்தின் பகுதிகளைப் பிரித்துக்காட்டும் இரண்டு குறிகளுக்கு நடுவே விடப்பட்ட வெற்றிடமும் கணுவாகக் கொள்ளப்படுகிறது. ஒரு கூட்டத்தில் இரண்டு பொறியாளர்கள் ‘கணு விழுந்துவிட்டது’ என்ற ஒரே சொற்றொடரைச் சொல்லி இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகளைக் குறிக்க முடியும் என்பதால், எந்த வரைபடத்தில் உள்ள கணு என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்ல பழக்கம்.

இந்தத் தெளிவின்மை யாருக்கு என்ன செலவு வைக்கிறது என்பதை ஒரு நியாயவிலைக் கடையின் வாசலில் காணலாம். தமிழ்நாட்டில் 2017இல் மின்னணுக் குடும்ப அட்டைகள் வழங்கப்பட்டதிலிருந்து, கடைகளில் பொருள் வழங்கல் ஒரு கையடக்க விற்பனைக் கருவியின் வழியாக நடக்கிறது. நாடு முழுவதும் ஒரே குடும்ப அட்டை என்னும் திட்டம் 2020 அக்டோபர் 1 அன்று மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. அட்டையை வருடியபின் பெண்ணொருத்தி விரலை வைக்கிறாள், ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு மீண்டும் வைக்கிறாள். திரையில் வட்டம் சுழல்கிறது. வரிசையில் நிற்பவர்களிடம் விற்பனையாளர் சொல்லும் விடை பெரும்பாலும் ஒன்றே: “சர்வர் வேலை செய்யலம்மா, கொஞ்சம் இருங்க.” சர்வர் என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சங்கிலியே இருக்கிறது. விரலைப் படிக்கும் உணரி ஒரு கணு. கருவி ஒரு கணு. அதிலுள்ள சிம் அட்டை தேடிப் பிடிக்கும் செல்பேசிக் கோபுரம் ஒரு கணு. குடும்ப அட்டைத் தரவு இருக்கும் மாநிலக் கணினி ஒரு கணு. ரேகையைச் சரிபார்க்கும் ஆதார் ஆணையத்தின் கணினி ஒரு கணு. களைவெட்டித் தேய்ந்துபோன விரல்களில் ரேகை படியாததும், மழைக்குக் கோபுரத்தில் மின்சாரம் போனதும், தொலைதூரக் கணினியில் நெரிசல் மிகுந்ததும் முற்றிலும் வேறு வேறான பழுதுகள். ஒன்றுக்கு மாற்றுவழிச் சரிபார்ப்பு வேண்டும், ஒன்றுக்குக் காத்திருக்க வேண்டும், ஒன்றுக்கு நாளை வரச்சொல்ல வேண்டும். எந்தக் கணுவில் தடை என்று கருவியின் திரை தமிழில் தெளிவாகச் சொன்னால், அரைநாள் கூலியை விட்டு வரிசையில் நிற்பவர் இருப்பதா போவதா என்று தாமே முடிவெடுக்க முடியும். கணுக்களைச் சரியாகப் பிரித்துப் பெயரிடுவது பொறியாளரின் வசதிக்காக மட்டும் செய்யப்படும் வேலை அன்று. அதன் பயன் வரிசையின் கடைசியில் நிற்பவர்வரை போய்ச்சேர வேண்டியது.

கணுவின் பழுதைவிடக் கடினமானது இணைப்பின் பழுது. 1956 நவம்பர் 23 அன்று விடியற்காலையில், சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி விரைவு ரயில் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றைக் கடந்தபோது, வெள்ளத்தால் அரிக்கப்பட்ட பாலம் சரிந்து 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகரில் நிகழ்ந்த ரயில் விபத்துக்குப் பிறகே பதவி விலக முன்வந்திருந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, அரியலூர் விபத்துக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பொறுப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நினைவுகூரப்படும் இந்த நிகழ்ச்சியில் அமைப்புப் பொறியியலுக்கும் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. ரயில்வேயின் கோட்டுருவில் நிலையங்கள் கணுக்கள், அவற்றுக்கு இடைப்பட்ட பாதை இணைப்பு. ஒரு நிலையம் அடுத்த நிலையத்திடம் ‘லைன் கிளியர்’ கேட்டுப் பெறும் நடைமுறை, இடையில் வேறு வண்டி இல்லை என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. தண்டவாளத்துக்குக் கீழே மண் இருக்கிறதா என்று அது சொல்வதில்லை. இரண்டு கணுக்களும் நலமாக இருந்து, ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவற்றுக்கு நடுவே பாதை அழிந்துபோக முடியும்.

கணினி வலைப்பின்னலில் இது தலைகீழான வடிவில் அன்றாடம் நிகழ்கிறது. கணுக்கள் குறிப்பிட்ட இடைவெளியில் ‘இருக்கிறேன்’ என்று ஒன்றுக்கொன்று சிறு செய்தி அனுப்பிக்கொள்கின்றன. இதை இதயத்துடிப்பு என்பர். துடிப்பு நின்றுவிட்டால் மறுமுனையில் இருப்பது இறந்துவிட்டதா, உயிரோடு இருந்தும் வழி மட்டும் அறுந்துவிட்டதா என்பதை இம்முனையில் இருக்கும் கணுவால் எந்த வகையிலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இறந்துவிட்டதாக எண்ணி அதன் வேலையை எடுத்துக்கொண்டால், உயிரோடு இருக்கும் இருவரும் ஒரே கணக்கில் இரு வேறு தொகைகளை எழுதிவிடக்கூடும். இதற்குக் கண்டறியப்பட்ட தீர்வு பெரும்பான்மை. ஐந்து கணுக்கள் ஒரே தரவைக் காக்கும்போது, வலைப்பின்னல் அறுந்து மூன்றும் இரண்டுமாகப் பிரிந்தால், மூன்று கணுக்கள் உள்ள பக்கம் மட்டுமே எழுதலாம். இரண்டு உள்ள பக்கம், தன்னிடம் பழுதே இல்லாவிட்டாலும், வாய்மூடி இருக்க வேண்டும். எந்த இரண்டு பெரும்பான்மைக் குழுக்களை எடுத்தாலும் அவற்றில் ஒரு கணுவாவது பொதுவாக இருந்தே தீரும் என்பதால் முரண்பட்ட முடிவுகள் பிறக்க வழியில்லை. கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1998இல் வெளியிட்ட பாக்ஸோஸ் முறையும், 2014இல் டியேகோ ஒங்காரோவும் ஜான் ஊஸ்டர்ஹவுட்டும் எளிமைப்படுத்தித் தந்த ராஃப்ட் முறையும் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை.

எல்லாக் கணுக்களும் சமமானவை அல்ல. கோட்டுருவிலிருந்து எந்தக் கணுவை நீக்கினால் மிச்சம் இரண்டாகப் பிளந்துவிடுமோ அது வெட்டுக்கணு. அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையாக ஓடும் கொள்ளிடம் இதற்குக் கண்கூடான சான்று. மேட்டூரிலிருந்து வரும் நீர் முக்கொம்பில் காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பிரிகிறது. கொள்ளிடத்து நீர் ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே அணைக்கரையிலுள்ள கீழணையில் தேங்கி, வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்களுக்கும் வடவாற்றுக்கும் பங்கிடப்படுகிறது. வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004 முதல் வீராணத்து நீர் குழாய்வழியே சென்னைக்குப் போகிறது. சென்னையில் ஒரு குழாயைத் திறப்பவருக்கு அணைக்கரை என்ற பெயரே தெரியாதிருக்கலாம். ஆனால் இந்தக் கோட்டுருவிலிருந்து அணைக்கரையை நீக்கிவிட்டால் காவிரி நீர் வீராணத்துக்கும், அதன்வழியே அந்தக் குழாய்க்கும் போய்ச்சேர வழி இராது. முக்கொம்பு மேலணையையும் கீழணையையும் 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் அமைத்தபோது, ஆற்றின் இயல்பான ஓட்டத்தில் இரண்டு கட்டுப்பாட்டுக் கணுக்களைச் செருகினார் எனலாம்.

2018 ஆகஸ்ட் 22 இரவு, பெருவெள்ளத்தின்போது முக்கொம்பில் கொள்ளிடத்தின் மீதுள்ள அணையில் ஒன்பது மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. நீர் நின்றுவிடவில்லை, பங்கீடுதான் நின்றது. காவிரியில் திருப்பப்பட வேண்டிய நீர் கொள்ளிடத்தில் கட்டுப்பாடின்றி ஓடியது. மணல் மூட்டைகளும் பாறைகளும் கொண்டு அடைக்கும் வேலை பல நாள் நடந்தது. பின்னர் அருகிலேயே புதிய கதவணை கட்டப்பட்டது. கணுக்களின் பழுதைப் பொறியாளர்கள் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதற்கான காரணத்தை இந்த நிகழ்ச்சி துல்லியமாகக் காட்டுகிறது. ஒன்று, நின்றுபோகும் பழுது: கணு அமைதியாகிவிடுகிறது, மற்றவை அதைத் தவிர்த்துக்கொண்டு நடக்கின்றன. மற்றொன்று, தவறாக நடக்கும் பழுது: கணு இயங்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் தன் கடமைக்கு மாறாக இயங்குகிறது. இரண்டாவதே ஆபத்தானது. தவறான செய்தியை அனுப்பும் கணுக்களைச் சமாளிப்பது எப்படி என்று லாம்போர்ட்டும் ஷோஸ்டாக்கும் பீஸும் 1982இல் ஆராய்ந்து, மூன்று பங்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தவறிழைத்தால், செய்திகளுக்குக் கையொப்பம் போன்ற காப்பு இல்லாத நிலையில், மற்றவை ஒருமித்த முடிவுக்கு வர இயலாது என்று காட்டினர். மென்பொருள் உலகமும் ஒற்றைக் கணுவை நம்பிய காலம் உண்டு: பெருந்தரவுகளைச் சேமிக்கும் ஹடூப் அமைப்பின் தொடக்கப் பதிப்புகளில், எந்தக் கோப்பின் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்பதை அறிந்த தலைமைக்கணு ஒன்றே ஒன்றாக இருந்தது, நூற்றுக்கணக்கான சேமிப்புக் கணுக்கள் நலமாக இருந்தாலும் அது விழுந்தால் எதையும் எடுக்க முடியாது. இரண்டாம் பதிப்பில்தான் அதற்கு மாற்றுக்கணு வந்தது.

கணு விழுந்தாலும் இணைப்பு அறுந்தாலும் தாக்குப்பிடிக்க மாற்றுவழிகள் வேண்டும். வலைப்பின்னல் ஆய்வாளர் பால் பேரன் 1964இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்தபட்சத் தேவையைப் போல மூன்று நான்கு மடங்கு இணைப்புகள் இருந்தாலே, கணுக்களில் பல அழிந்த பிறகும் மிச்சமிருப்பவை தங்களுக்குள் பேசிக்கொள்ள முடியும் என்று கணக்கிட்டார். ரயில்வேயில் இந்த மாற்றுவழி ஓரளவு உண்டு: விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு அரியலூர் வழியாகச் செல்லும் குறுக்குப் பாதையில் தடை ஏற்பட்டால், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியான பழைய பாதையில் வண்டிகளைத் திருப்பிவிடலாம். கிராமங்களுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்தில் இந்த அறிவு தாமதமாகவே வந்தது. 2011இல் ஒப்புதல் பெற்று 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாறிய அத்திட்டத்தின் முதல் கட்டத்தில், ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிகளுக்கு இழை நேர்வரிசையாக நீட்டப்பட்டது. தமிழ்நாட்டின் ஊராட்சிகளுள் 201 அரியலூர் மாவட்டத்தில், ஆறு ஒன்றியங்களில் இருக்கின்றன. நேர்வரிசை அமைப்பில், ஜெயங்கொண்டம் ஒன்றியத்தின் ஏதோவொரு சாலையோரத்தில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் ஜே.சி.பி. இயந்திரம் இழையை ஒருமுறை அறுத்தால், அந்த இடத்துக்கு அப்பால் உள்ள ஊராட்சி அலுவலகங்கள் அனைத்தும் ஒன்றாகத் துண்டிக்கப்படும். பிற்பாடு, குறிப்பாக 2023இல் ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட திட்டத்தில், வளைய அமைப்பு கைக்கொள்ளப்பட்டது. வரிசையின் கடைசி ஊராட்சியிலிருந்து இன்னோர் இழை வேறு சாலை வழியாக ஒன்றியத் தலைமையிடத்துக்கே திரும்பி வருகிறது. ஒரு பக்கம் அறுந்தால் செய்தி மறுபக்கமாகச் சுற்றிவருகிறது. புதிதாக எந்த ஊரும் சேர்க்கப்படவில்லை, எந்தக் கணுவும் மாற்றப்படவில்லை. கடைசி ஊரிலிருந்து திரும்பிவரும் அந்தச் சில கிலோமீட்டர் இழை மட்டுமே கூடுதல்.